கற்பூரத் தட்டு வைத்த கோர்ட்டு

எண்பதுகளின் முற்பகுதி. பெரம்பலூரும் அரியலூரும் தனி மாவட்டமாகப் பிரியாமல் திருச்சி மாவட்டத்திலேயே இருந்த காலம். நான் அரியலூரில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோடை விடுமுறையில், செந்துறைக்கும் ஆண்டிமடத்துக்கும் நடுவே முந்திரிக் காட்டுக்குள் இருந்த ஒரு சின்ன ஊரில் நடந்தது இது. ஊர்ப் பெயர் வேண்டாம். அந்தப் பக்கம் எனக்கு இன்னும் போக வர வேண்டியிருக்கிறது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செந்துறைப் பக்கம்தான் எங்கள் வீடு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கூலி வேலை. கடலைக்கொடி பிடுங்குவது, முந்திரி பொறுக்குவது, களை வெட்டுவது என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவார்கள். எங்கள் தெருவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். குட்டையான பெண். குரல் மட்டும் எங்கேயோ இருந்து இரவல் வாங்கியது மாதிரி இருக்கும். நான் ரகசியம் பேசினால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த வருடம் கல்லூரியில் சனிக்கிழமை மதியங்களில் சட்ட வகுப்பு என்று ஒன்று தொடங்கினார்கள். படிக்கிற பிள்ளைகள் அன்றாடத்துக்குத் தேவையான சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும், பிறகு கிராமங்களுக்குப் போய் அதைச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. திருச்சியிலிருந்து ஒரு பெண் வக்கீல் பஸ் ஏறி வருவார். எங்களைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். நாங்கள் அவரை வக்கீலம்மா என்போம். நான் அந்த வகுப்பில் சேர்ந்தது நாட்டைத் திருத்துவதற்காக என்று நினைத்துவிடாதீர்கள். வகுப்பு முடிந்ததும் டீயும் பன்னும் கொடுத்தார்கள். ஹாஸ்டல் சாப்பாட்டைத் தின்றவர்களுக்குத்தான் அந்த பன்னின் அருமை தெரியும்.

ஆனால் போகப் போக எனக்கு அந்த வகுப்பு பிடித்துவிட்டது. போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் காரணம் கேட்கலாம், பெண்ணுக்குக் கல்யாண வயது பதினெட்டு, கூலிக்கும் ஒரு சட்டம் உண்டு என்றெல்லாம் வக்கீலம்மா சொல்லச் சொல்ல, நான் மனதுக்குள் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பேன். ஒருநாள் வழித் தகராறு பற்றிப் பேசினார். நாலு பக்கமும் தன் நிலம் இருக்க, நடுவில் ஒரு துண்டை ஒருவர் விற்றால், அந்தத் துண்டுக்குப் போய்வரும் வழியையும் சேர்த்துக் கொடுத்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும் என்றார்.

"இந்த மாதிரி தகராறு வந்தா ஆளுக்கு ஒரு கதை சொல்வாங்க. அதுல மயங்காதீங்க. நிலத்தை வித்தது யாரு, அப்ப எந்த வழியா போனாங்க, இதை மட்டும் கேளுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் வழித் தகராறு இல்லாத ஊர் ஏது? அதனால் அது எனக்கு நன்றாகப் பதிந்துவிட்டது.

கோடையில் வகுப்பே அந்த முந்திரிக் காட்டு ஊருக்கு முகாம் போனது. காலையில் ஏரி வாய்க்கால் தூர் எடுப்பது, சாயங்காலம் ஊர்ச் சனங்களுக்குச் சட்டம் சொல்வது. பள்ளிக்கூடத்தில்தான் தங்கல். அந்த ஊர் முந்திரியில் பாதிக்கு மேல் ஒரே ஒருவருக்குச் சொந்தம். தோப்புக்காரர் என்றே அவரைச் சொல்கிறேன். எங்களுக்கு அரிசி மூட்டை அனுப்பியது அவர், விறகு அனுப்பியது அவர், பெண் பிள்ளைகள் தங்கிய அறைக்கு விளக்குப் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். வாய்நிறையப் பேசுவார். என்னை "பாப்பா" என்று கூப்பிடுவார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

கடைசி நாள் சாயங்காலம் மாதிரி நீதிமன்றம் என்று ஒரு நாடகம் போட முடிவானது. கோர்ட்டு என்றாலே சனங்களுக்கு இருக்கிற பயம் போக வேண்டும், அதற்காக. காத்தாயி என்கிற பெண்ணின் முந்திரிக் கன்றுகளைப் பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிட்டது, அதற்கு நஷ்டஈடு கேட்டு வழக்கு. இதுதான் கதை. ஆட்டைக்கூட ஏற்பாடு செய்திருந்தோம். ஜட்ஜ் யார் என்று வந்தபோது எல்லோரும் என்னைக் கைகாட்டினார்கள். அறிவுக்காக இல்லை, மைக் ரிப்பேராகிவிட்டது.

ஜட்ஜுக்குக் கறுப்பு அங்கி வேண்டுமே? செந்துறையில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில், படம் எடுக்கும்போது தலையில் போட்டுக்கொள்ளும் கறுப்புத் துணியை இரவல் வாங்கி வந்து எனக்குப் போர்த்திவிட்டார்கள். போட்டோ கழுவுகிற மருந்தின் வாசனை குடலைப் பிடுங்கியது. மேஜையைத் தட்ட ஒரு சுத்தியல் கேட்டேன். நம் கோர்ட்டில் சுத்தியலே கிடையாது, அது சினிமாவில்தான் என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார். எனக்கு ரொம்ப ஏமாற்றம்.

டவாலியாக நடித்தவன் எங்கள் வகுப்பிலேயே குறும்பன். பேர் சொல்லி மூன்று முறை கூப்பிடுவதும், சாட்சிக்குச் சத்தியம் செய்து வைப்பதும் அவன் வேலை. வெறுமனே "கடவுள் மேல ஆணையா"ன்னு சொன்னால் இந்தச் சனங்க ஒத்துக்க மாட்டாங்க என்று சொல்லி, பெட்டிக்கடையில் கற்பூரம் வாங்கி ஒரு தட்டில் வைத்துக்கொண்டான். எங்கள் பக்கத்தில் கற்பூரத்தைக் கொளுத்தி, கையால் அணைத்துச் சத்தியம் செய்வது சாதாரண விஷயமில்லை. ஆடு திருட்டிலிருந்து பாகப் பிரிவினை வரைக்கும் எந்தப் பஞ்சாயத்திலும், பேச்சு முற்றிப்போய் வேறு வழியே இல்லாவிட்டால்தான் கற்பூரம் வரும். அதை அணைத்துப் பொய் சொன்னவன் குடும்பம் விளங்காது என்று நம்பிக்கை. அவ்வளவு பெரிய சமாசாரத்தை இந்தப் பையன் நாடகச் சாமானாகக் கொண்டுவந்து வைத்தான். எங்களில் யாருக்கும் அது தப்பாகவே படவில்லை.

வெயில் தாழ்ந்ததும் ஊரே பள்ளிக்கூட மைதானத்தில் கூடிவிட்டது. முன்வரிசை நாற்காலியில் தோப்புக்காரர், முகாமுக்கு எங்களைக் கூட்டிவந்த பேராசிரியர், வக்கீலம்மா. மற்றவர்கள் தரையில். கடைசி நாள் விழா என்று பெற்றோருக்குச் சொல்லி அனுப்பியிருந்ததால் என் அப்பாவும் பஸ் ஏறி வந்திருந்தார். முன்னால் வந்து உட்காருங்கப்பா என்றேன், கேட்கவில்லை. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கூட்டத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். நாற்காலி போட்ட இடத்தில் அவர் நின்று பார்த்துத்தான் எனக்குப் பழக்கம்.

நான் துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தேன். டவாலி "உஸ்ஸ்!" என்றான். அவன் போட்ட சத்தத்தில் ஊர் மொத்தமும் எழுந்து நின்றது. பெரியவர்கள், கிழவர்கள், மீசை வைத்தவர்கள் எல்லோரும். நான் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தார்கள். என் முதுகுத்தண்டு தானாக நிமிர்ந்தது.

டவாலி கூப்பிட்டான். "காத்தாயீ... காத்தாயீ... காத்தாயீ..."

காத்தாயியாக நடிக்க வேண்டிய பெண் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புடவைக் கொசுவம் நிற்காமல் போராடிக்கொண்டிருந்தாள். அவள் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கூட்டத்தின் நடுவிலிருந்து ஓர் அம்மா எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் வந்தார்.

"நாந்தாங்க" என்றார்.

அந்தப் பக்கத்தில் தெருவுக்கு ரெண்டு பேருக்கு அந்தப் பேர் உண்டு என்பது எங்கள் மரமண்டைகளுக்கு ஏறவே இல்லை. டவாலிப் பையன் மிரண்டுபோய், என்ன செய்வதென்று தெரியாமல், மனப்பாடம் செய்து வைத்திருந்த அடுத்த வேலையைச் செய்தான். கற்பூரத்தைக் கொளுத்தித் தட்டை நீட்டினான்.

அந்த அம்மா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "நான் பொய் சொன்னா எங்கண்ணு அவிஞ்சு போவட்டும்" என்று சொல்லி, உள்ளங்கையால் கற்பூரத்தை அழுத்தி அணைத்தார். எங்கள் நாடகம் அந்த இடத்தோடு முடிந்துபோனது.

"எங்க மாமனாரு பண்ணையில காலமெல்லாம் கெடந்தாரு. அதுக்காவ தோப்புக்கு நடுவால ஒரு துண்டை அவருக்குக் கொறஞ்ச வெலைக்குக் குடுத்தாங்க. இத்தினி நாளும் தோப்பு வழியாத்தான் போயிட்டு வந்துட்டு இருந்தோம். தையில முள்ள வெட்டிப் போட்டு அடைச்சிட்டாங்க. இப்பக் கொட்டையெல்லாம் உதுந்து கெடக்குது. அதை நான் எந்த வழியா எடுத்தாருவேன்? வழியில்லாத நெலத்த வச்சிக்கிட்டு என்னா பண்ணப் போற, எனக்கே எழுதிக் குடுத்துடுங்கறாங்க."

சொல்லிவிட்டு நேராக என்னைப் பார்த்தார். "ஆபீசு ஆபீசா மனு குடுத்தங்க. பேரச் சொல்லிக் கூப்புடுவாங்க, அப்ப வான்னாங்க. இன்னிக்குத்தான் கூப்புட்டீங்க."

யார் அடைத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஊரே முன்வரிசையைப் பார்த்தது.

பேராசிரியர் கையை ஆட்டி, அவரை உட்காரச் சொல், ஆட்டு வழக்கை ஆரம்பி என்று சைகை காட்டினார். அதுதான் சுலபம். "இது நாடகம்மா, போய் உக்காருங்க" என்று நாலு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் அந்த அம்மாவின் உள்ளங்கையில் கரி அப்பியிருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, சத்தியமும் வாங்கிவிட்டு, போய் உட்கார் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வக்கீலம்மாவைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் அவர் ஓயாமல் சொன்ன ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடக் கூடாது.

"எதிர்த்தரப்பு இருந்தா சொல்லலாம்ங்க" என்றேன். என் குரல் எனக்கே கணீரென்று கேட்டது.

தோப்புக்காரர் சிரித்தார். கோபப்படவில்லை. காலை ஆட்டிக்கொண்டே, "இதுவும் நாடகத்துல உண்டா பாப்பா? சரி, சொல்றேன். முந்திரித் திருடு தாங்கலை. அதான் வேலி போட்டேன். யாரையும் கெடுக்கணும்னு இல்லை" என்றார்.

"ஐயா, கோர்ட்டுல சொல்றவங்க எந்திரிச்சி நின்னு சொல்லணுங்க."

எப்படி அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வேப்பமரத்தடியில் அப்பா துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டது தெரிந்தது. தோப்புக்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். ஊர் முழுவதும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளத் தெரியாதவன் என்று பேர் வாங்க விரும்பாதவர் போல, சிரித்தபடியே எழுந்து நின்றார்.

டவாலி புதிதாக ஒரு கற்பூரத்தைக் கொளுத்தித் தட்டை அவர் பக்கம் நீட்டினான். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. தோப்புக்காரரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவரும் அந்த மண்ணில் பிறந்தவர்தானே. தட்டைத் தள்ளிவிடவும் முடியாது, அணைத்துவிட்டுப் பொய் சொல்லவும் முடியாது. மெதுவாகக் கையை வைத்து அணைத்தார்.

நான் திருட்டைப் பற்றிக் கேட்கவில்லை. வேலியைப் பற்றியும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் அவர் பொழுது விடியும்வரை பேசியிருப்பார், அதில் அவர் கெட்டிக்காரர். சனிக்கிழமை வகுப்பில் படித்ததை மட்டும் கேட்டேன்.

"அந்தத் துண்டை அவுங்களுக்கு வித்தது யாருங்க?"

"எங்க அப்பா."

"அப்ப அவுங்க எந்த வழியா நெலத்துக்குப் போனாங்க?"

கட்டிப்போட்டிருந்த ஆடு ஒரு தடவை கத்தியது. யாரும் சிரிக்கவில்லை.

"எங்க அப்பா விட்ட வழிதான்" என்றார்.

நான் எழுந்து நின்றேன். ஜட்ஜ் உட்கார்ந்துதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும், அது பிறகுதான் ஞாபகம் வந்தது. "அது அவுங்க வழி. வேலியை எடுத்துடணும்" என்றேன். கூட்டம் கைதட்டியது பாருங்கள், அப்படி ஒரு கைதட்டலை அதன் பிறகு நான் எங்கும் வாங்கவில்லை. பேராசிரியர் பாய்ந்து வந்து, இது வெறும் மாதிரி நீதிமன்றம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தொண்டை கிழியக் கத்தினார். அதற்குப் பிறகு ஆட்டு வழக்கையும் நடத்தினோம். பாவம், அந்த ஆட்டை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

தோப்புக்காரர் போகும்போது "நல்லா நடிச்ச பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். பேராசிரியர் என்னைப் பிடித்துக்கொண்டார். "நாம திங்கறது யார் வீட்டு அரிசின்னு தெரியுமா?" என்றார். தெரியும் சார், அதற்காக அந்த அம்மா முந்திரியை விட்டுக்கொடுக்கணுமா என்று கேட்க வாய் துடித்தது. அப்பா பக்கத்தில் நின்றதால் அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை மூட்டை முடிச்சுகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது காத்தாயி அம்மா கூடையோடு வந்து நின்றார்.

"தீர்ப்புச் சொன்னீங்களே, வேலி அப்பிடியே கெடக்குது. எப்ப எடுப்பாங்க?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. "அம்மா, அது நாடகம்மா. நான் ஜட்ஜு இல்லீங்க, படிக்கிற பொண்ணு" என்றேன்.

"நீ படிக்கிற பொண்ணுன்னு எனக்குத் தெரியாதா? போட்டோக் கடைத் துணியைப் போத்திக்கிட்டு ஒரு ஜட்ஜு வருவாங்களா?" என்று சீறினார். "நீ சொன்ன சட்டமும் நாடகமா? அதச் சொல்லு மொதல்ல."

"இல்லீங்க. சட்டம் நெசந்தான்."

"அப்பறம் என்னா?"

திருச்சி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வக்கீலம்மாவிடம் ஓடினேன். அவர் பையைக் கீழே வைத்தார். நோட்டீஸ் விடலாம், கேஸும் போடலாம், கட்டாயம் ஜெயிக்கும், ஆனால் வருடக்கணக்காகும், இந்தப் பருவத்துக் கொட்டை மண்ணோடு மண்ணாகிவிடும் என்றார். "முதல்ல நேர்ல போய்க் கேப்போம். நேத்து கேட்டது நீ. இன்னைக்கும் நீயே கேளு. நான் கூட நிக்கறேன்."

புறப்பட்டபோது, என்னைக் கூட்டிப்போக ராத்திரி அங்கேயே தங்கியிருந்த அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்மா. பெரிய எடம். பகைச்சிக்கிட்டு நாம பொழைக்க முடியாது."

அவர் பயத்தில் ஒரு தப்பும் இல்லை. அறுவடைக் காலத்தில் அப்பாவையும் அம்மாவையும் வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் இந்தத் தோப்புக்காரருக்குத் தெரிந்தவர்கள்தான். ஒரு வார்த்தை போனால் எங்கள் வீட்டு அடுப்பு எரியாது. "சண்டைக்குப் போவலப்பா, ஒரு கேள்விதான் கேக்கப் போறேன். நீயும் வா" என்றேன். மகளைத் தனியாக விட மனமில்லாமல் பின்னாலேயே வந்தார்.

வேலி ஆள் உயரத்துக்குக் கருவேல முள். அந்தப் பக்கம் பழுத்து விழுந்த முந்திரிப் பழத்தின் புளித்த வாசனை. தோப்புக்காரர் ஆட்களோடு அங்கேதான் நின்றார். எங்களைப் பார்த்ததும் முகம் மாறியது. இந்த முறை பாப்பா இல்லை.

"நாடகம் போட வந்தவங்க நாடகத்தோட நிறுத்திக்கணும்" என்றார்.

தாவணி முனையைக் கையில் சுற்றிக்கொண்டேன்.

"சரிங்கய்யா. நிறுத்திக்கறோம். நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. நேத்து நீங்க சொன்னதும் நாடகந்தான்னு, அதே மாதிரி கற்பூரத்த அணைச்சி ஊரு முன்னால சொல்லிடுங்க. நாங்க பஸ் ஏறிப் போயிடறோம்."

வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அப்பா எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பின்னால் இல்லை, பக்கத்தில். தோப்புக்காரர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு வக்கீலம்மாவை, பிறகு ரொம்ப நேரம் அந்த வேலியை.

"எங்க அப்பா இருந்திருந்தா வேலி போட விட்டிருக்க மாட்டாருதான்" என்றார் கடைசியில். ஆட்கள் பக்கம் திரும்பி, "எடுங்கடா" என்றார். என்னிடம், "திருடு போனா நீதாம்மா கேஸ் நடத்தணும்" என்றார். பாதி கோபம், பாதி கேலி. ஆனால் பாப்பா போய் அம்மா வந்திருந்தது.

முள்ளை இழுத்துப் போட்டதும் காத்தாயி அம்மா எனக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. "ஐய, எம்புட்டு உதுந்து கெடக்குது!" என்று அலறிக்கொண்டு கூடையோடு உள்ளே ஓடினார். நாங்களும் ஓடினோம். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பேராசிரியர் கத்தக் கத்த, முகாமே அந்தத் துண்டு நிலத்தில் குனிந்து கொட்டை பொறுக்கியது. அப்பாதான் எல்லோரையும் விட வேகம். பழத்திலிருந்து கொட்டையைத் திருகி எடுக்கும் லாகவத்தை வக்கீலம்மாவுக்கே சொல்லிக்கொடுத்தார். முந்திரிப் பழச் சாறு பட்டால் கறை போகாது. என் ஒரே நல்ல தாவணி அன்றோடு கெட்டது, எனக்கு வருத்தமே இல்லை.

வக்கீலம்மா அதோடு விடவில்லை. தோப்புக்காரரின் மனசு நாளைக்கு எப்படி இருக்குமோ, அவருக்குப் பின்னால் வருகிறவர்கள் எப்படி இருப்பார்களோ என்று சொல்லி, கொஞ்ச நாளில் மறுபடி வந்து அந்த வழியை முறையாக எழுதிப் பதிவு செய்ய வைத்தார். அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. உண்மையான பத்திரத்தில் என் பேர் ஏறியது அதுதான் முதல் தடவை. கற்பூரம் அவரைப் பொய் சொல்ல விடாமல் தடுத்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் வாய் திறந்த நேரத்தில் எதைக் கேட்க வேண்டும் என்பதை பன் கொடுத்த அந்தச் சனிக்கிழமை வகுப்புதான் எனக்குச் சொல்லித் தந்தது. அந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

வேலியை எடுத்த அன்று மத்தியானமே நானும் அப்பாவும் செந்துறைக்கு பஸ் ஏறினோம். தோப்பிலிருந்து ரோட்டுக்கு வரும்வரை அப்பா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். கோபமோ, பயமோ, எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார். கண்டக்டர் வந்தார்.

"செந்துறை ரெண்டு" என்றார் அப்பா. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்கும்போது, "ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு ஜட்ஜம்மாவுக்கு" என்றார்.

கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முந்திரிக் கறை தாவணி, மடியில் துணி மூட்டை, தலையில் முள்ளுச் சருகு. "சரிதான்" என்று சிரித்துக்கொண்டே டிக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா சிரிக்காமல் என் பக்கம் திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்தது. ஊரே எழுந்து நின்றபோது உட்கார்ந்திருந்த மகளை அவர் அப்போதுதான் நிதானமாக ஒரு தடவை பார்த்தார் என்று நினைக்கிறேன்.

நான் ஜட்ஜும் ஆகவில்லை, வக்கீலும் ஆகவில்லை. பள்ளிக்கூட டீச்சராகி ஓய்வும் பெற்றுவிட்டேன். வேலை பார்த்த பள்ளிகளில் எல்லாம் வருடத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளை வைத்து மாதிரி நீதிமன்றம் நடத்தினேன். ஜட்ஜாக எப்போதும் கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பெண்ணைத்தான் உட்கார வைப்பேன், அவள் அப்பாவையும் கட்டாயம் வரச் சொல்வேன். அப்பா இப்போது இல்லை. ஆனால் இன்றைக்கும் ஏதாவது ஓர் ஆபீசில், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் என்னை விரட்டப் பார்த்தால், அப்பா வாங்கித் தந்த அந்த டிக்கெட்டை நினைத்துக்கொள்வேன். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் ஒரு இடத்திலிருந்தும் நான் இதுவரை திரும்பியதில்லை.